வாவிக்கரை வாசிப்பு – 17: முகவரிக் கொப்பி

மட்டக்களப்புச் சஞ்சிகைகளின் வரலாற்றை எழுத உட்காருபவர் முதலில் தேடுவது ஆசிரியரின் பெயரை. அடுத்து முதல் இதழின் திகதி, அச்சகம், எழுதியவர்கள், நின்றுபோன ஆண்டு. இந்தத் தொடரும் இதுவரை அந்தத் தடத்தில்தான் வந்தது. இம்முறை உள்ளட்டையில், பொடி எழுத்தில், ஒரு பெட்டிக்குள் கிடக்கும் மூன்று வரிகளைப் பிடித்துக்கொண்டு போகலாம்: தனிப்பிரதி இவ்வளவு, ஆண்டுச் சந்தா இவ்வளவு, காசுக்கட்டளை இன்ன தபாற்கந்தோரில் மாற்றத்தக்கதாக இன்னார் பெயருக்கு. எவரும் மேற்கோள் காட்டாத வரிகள் இவை. ஆனால் ஒரு சஞ்சிகை எத்தனை காலம் உயிரோடு இருக்கும் என்பதை அதன் தலையங்கத்தைவிட இந்தப் பெட்டி அதிகம் தீர்மானித்தது என்பதே என் வாதம். இன்னும் குறிப்பாகச் சொன்னால், அந்தப் பெட்டியைப் பார்த்துக் காசு அனுப்பியவர்களின் பெயர்களை எழுதிவைத்த முகவரிக் கொப்பி யாருடைய கையில் இருந்தது என்பதில்தான் விடயம் இருக்கிறது.

வாவியின் புவியியலை நினைவில் வைத்துக்கொண்டால் இது விளங்கும். வடக்கே ஏறாவூர், செங்கலடிப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் நீர் இது. கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் நடுவே எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாகப் படுவான்கரை. அச்சகம், கல்லூரி, தலைமைத் தபாற்கந்தோர், பத்திரிகைக் கடை எல்லாம் புளியந்தீவையும் அதை ஒட்டிய எழுவான்கரையையும் சுற்றியே வளர்ந்தன. 1924இல் கல்லடிப் பாலம் திறந்தது. 1928இல் இருப்புப்பாதை மட்டக்களப்பை எட்டியது. கொழும்பில் அச்சான தாள் அதன்பிறகு நகரத்துக்கு வந்துசேர்வதில் பெரிய சிரமம் இருக்கவில்லை. சிரமம் நகரத்திலிருந்து அந்தப் பக்கம் போவதில். வலையிறவுப் பக்கமாகச் சுற்ற வேண்டும். இல்லையேல் மண்முனையிலோ குருமண்வெளியிலோ பாதை ஏற வேண்டும். (வெளியூர் வாசகருக்கு ஒரு சொல்: இங்கே பாதை என்றால் வீதி மட்டுமல்ல, ஆட்களையும் வண்டிகளையும் அக்கரை சேர்க்கும் மிதவைக்கும் அதுதான் பெயர்.) மண்முனையில் பாலம் வந்தது 2014இல்தான். கொக்கட்டிச்சோலையிலோ பழுகாமத்திலோ மண்டூரிலோ இருந்த ஒருவர் மாதமொருமுறை ஒரு சஞ்சிகைக்காகவே பாதை ஏறி நகரத்துக் கடைக்குப் போய், இதழ் வந்துவிட்டதா என்று கேட்டுத் திரும்புவதை எதிர்பார்க்க முடியாது. அப்படிப்பட்டவருக்கு வாசிப்பு என்பது தபாற்காரர் கொண்டுவருவது. ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்தடுத்து வந்துகொண்டிருக்கும் ஏற்பாடு நகரத்தவருக்கு வசதி. படுவான்கரையாருக்கு அதுதான் ஒரே வழி.

இந்த ஏற்பாட்டின் உள்வேலையை நெருங்கி அறிந்த மட்டக்களப்பார் ஒருவர் உண்டு. அவரை நாம் வேறு காரணங்களுக்காகவே நினைவில் வைத்திருக்கிறோம். 1892இல் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் யாழ் நூலின் ஆசிரியர், சிவானந்த வித்தியாலயத்தைக் கட்டியெழுப்பியவர், பல்கலைக்கழகப் பேராசிரியர். அவரே சென்னையில் இராமகிருஷ்ண விஜயம், வேதாந்த கேசரி ஆகிய மாத இதழ்களிலும், பின்னர் 1939 முதல் 1941 வரை இமயமலைச் சாரலில் மாயாவதி ஆசிரமத்திலிருந்து பிரபுத்த பாரதத்திலும் ஆசிரியப் பணி செய்தவர். மூன்றுமே கடைவாசலில் தொங்கி விற்கும் தாள்கள் அல்ல. சந்தாதாரரை நம்பி நடந்தவை. பிரபுத்த பாரதத்தின் கதை நமது வாதத்துக்கு மிகவும் வேண்டியது. 1896இல் சென்னையில் தொடங்கிய அந்த ஆங்கில இதழின் முதல் ஆசிரியர் கமலாம்பாள் சரித்திரம் எழுதிய பி. ஆர். ராஜம் ஐயர். 1898 மே மாதம், இருபத்தாறு வயதில், அவர் இறந்துபோனார். இதழ் நின்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் அது அல்மோராவிலிருந்து மீண்டும் வெளிவந்தது. அடுத்த ஆண்டு மாயாவதிக்குப் போனது. ஆசிரியர் மாறினார், அச்சிடும் இடம் மாறியது, நாட்டின் தென்கோடியிலிருந்து வடகோடிக்குப் போய்விட்டது. அப்படியானால் அதே இதழ் என்று எதைக்கொண்டு சொல்கிறோம்? பெயர், அதன் பின்னால் நின்ற மடம், அடுத்த இதழுக்காகக் காத்திருந்த வாசகர். இந்த மூன்றில் முதல் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மலை உச்சியிலிருந்து மாத இதழ் நடத்த முடியாது. சுற்றிலும் காடும் பனியும் இருக்கும் இடத்தில் விற்பனைக்கு ஆள் எங்கே? வாசகர் எங்கெங்கே இருக்கிறார் என்று எழுதிவைத்த ஏடு கையில் இருந்தால் எங்கிருந்தும் இதழ் நடத்தலாம் என்பதற்கு இதைவிடத் தெளிந்த சாட்சியம் தேவையில்லை.

நவீன தமிழ் இலக்கியத்தில் இந்த எண்ணத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனவர் சி. சு. செல்லப்பா. 1959 ஜனவரியில் எழுத்து தொடங்கியபோது, கடையில் விற்பதில்லை, சந்தாதாரர்களுக்கு மட்டுமே, 2,000 பிரதிகளுக்கு மேல் அச்சடிப்பதில்லை என்று அறிவித்தார். வாசகரைத் தேடி அலையும் இதழுலகில் இது கிறுக்குத்தனமாகவே தெரிந்திருக்கும். அந்த 2,000 என்ற வரம்பை எழுத்து கடைசிவரை தொடவேயில்லை என்பதைக் கேலியாகச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் அந்தச் சிறிய பட்டியலின் கைகள் எவ்வளவு தூரம் நீண்டன என்று பாருங்கள். நமக்கு வடக்கே, திருகோணமலையில், 1939இல் பிறந்த தருமு சிவராமு இருபது வயதை ஒட்டிய பருவத்திலேயே அந்த இதழில் எழுதத் தொடங்கினார். பிரமிள் என்று பின்னால் அறியப்பட்டவர் அவர்தான். சென்னையில் ஒரு வீட்டு முகவரியிலிருந்து நடந்த இதழுக்கும் கிழக்கிலங்கைத் துறைமுக நகரத்து இளைஞர் ஒருவருக்கும் நடுவே புத்தகக் கடை இல்லை, விநியோகஸ்தர் இல்லை. கடலைத் தாண்டிய தபால் மட்டும் இருந்தது. அதே காலத்தில் ஆனந்த விகடனும் கல்கியும் குமுதமும் கட்டுக்கட்டாக இலங்கைக் கடைகளில் குவிந்தன. 1970களின் தொடக்கத்தில் அரசாங்கம் இந்திய இதழ்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, கடை மேசை திடீரென்று காலியானது. அவற்றை வாசித்தவர்கள் யார் யார் என்று சென்னையிலிருந்த அந்த நிறுவனங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. கட்டு எத்தனை போனது என்று தெரியும். யார் கைக்குப் போனது என்பது முகவரோடு நின்றுவிட்ட அறிவு.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். மட்டக்களப்பைச் சேர்ந்த எஸ். டி. சிவநாயகம் ஆசிரியராக இருந்த தினபதி, சிந்தாமணி ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1974இல் அவற்றை வெளியிட்ட நிறுவனத்துக்கு அரசாங்கம் சீல் வைத்தது. மூன்று ஆண்டுகள் மூடிக்கிடந்து, 1977இல் மீண்டும் வந்தபோது வாசகர் மறுபடியும் வாங்கினார்கள். பட்டியல் எதுவும் இல்லாமல், முகவர் சங்கிலியை மட்டும் நம்பிய நாளிதழ் பிழைத்துக்கொண்டதே! உண்மைதான். ஆனால் அது பிழைத்த விதத்தைக் கவனிக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டுகளும் வீரகேசரியும் தினகரனும் அதே முகவர்களுக்கு, அதே றெயிலில், அதே விடியற்காலையில் போய்க்கொண்டிருந்தன. பாதை மூடப்படவில்லை, அதில் போன வண்டிகளில் ஒன்று மட்டும் நிறுத்தப்பட்டிருந்தது. நாளிதழுக்கு அந்தப் பாதை பொதுச் சொத்து. முந்நூறோ ஐந்நூறோ பிரதி அச்சடிக்கும் காலாண்டிதழுக்கு அப்படி ஒரு பொதுப்பாதை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. முகவர் ஐந்து பிரதி எடுத்து மேசையின் அடியில் வைப்பார், மூன்று விற்கும், கணக்கு அடுத்த ஆண்டு வரும், அல்லது வராது. பெரிய பத்திரிகையின் அனுபவத்தை வைத்துச் சிறிய சஞ்சிகைக்கு விதி எழுதக் கூடாது.

அப்படியானால் இந்தச் சிறிய சஞ்சிகைகள் எப்படித்தான் நடந்தன? பெரும்பாலும் ஆசிரியரின் கால்நடையில். மல்லிகையை 1966 முதல் 2012 வரை நடத்திய டொமினிக் ஜீவா பிரதிகளைத் தானே சுமந்து கொண்டுபோய் விற்றதை ஈழத்து இலக்கிய உலகம் பெருமையோடு சொல்லும். அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் அதில் ஒரு பலவீனமும் ஒளிந்திருக்கிறது: யார் வாசகர் என்ற அறிவு ஒரு மனிதரின் நினைவில் இருக்கிறது, அவர் களைத்தால் அது களைக்கும், அவரோடு போய்விடும். மற்றொரு வழி நமக்கே உரிய வெளியீட்டு விழா. மண்டபம், மங்கல விளக்கு, முதற்பிரதி, சிறப்புப் பிரதி, உறைக்குள் வைத்துக் கொடுக்கும் பணம். அச்சுக் கூலியை அடைக்க இது உதவியது. இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அன்று மேடைக்கு வந்து உறை கொடுத்தவர்களின் பெயர்களை யாரோ ஒருவர் ஒழுங்காகக் குறித்தும் வைப்பார். ஆனால் அந்தக் குறிப்பு மொய்க் கொப்பியின் வகையைச் சேர்ந்தது: இன்னார் எனக்குச் செய்தார், நான் அவருக்குச் செய்ய வேண்டும் என்பதற்காக. அடுத்த இதழை அவருக்கு அனுப்ப வேண்டும் என்பதற்கான முகவரி அதில் இருக்காது. பணம் வந்த அளவுக்கு வாசகர் வரவில்லை என்று பிறகு அலுத்துக்கொள்வதில் பொருளில்லை. வாசகரை வரவழைக்கும் ஏற்பாடாக அந்த விழாவை யாரும் அமைக்கவே இல்லை.

போர் அழித்ததை இப்படிக் கொப்பிக் கணக்காக்குவதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி இந்தக் கரையில் எத்தனை வீட்டு அலுமாரிகளைக் கொண்டுபோனது என்பதற்குக் கணக்கில்லை. அதற்கடுத்த முப்பது ஆண்டுகள் செய்ததற்கு எந்த உவமையும் போதாது. வீதி மூடியது, தபால் தடைப்பட்டது, எழுதியவரும் வாசித்தவரும் கொல்லப்பட்டார்கள், பெயர்ந்தார்கள். சந்தா ஒழுங்காக இருந்திருந்தால் சஞ்சிகைகள் தப்பியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. சொல்வது வேறு. இடப்பெயர்வு என்பது, இதழ் நடத்துபவரின் பக்கத்திலிருந்து பார்த்தால், முகவரிகள் ஒரேயடியாகச் செத்துப்போவது. மகிழடித்தீவில் இருந்தவர் முதலில் நகரத்துக்கும், பின் கொழும்புக்கும், அதன்பின் கனடாவுக்கும் போகிறார். இதழ் அவரைத் தொடர்ந்து போக வேண்டுமானால், புதிய முகவரியை அவர் எழுதியனுப்ப ஓர் இடமும், அதைத் திருத்தி எழுத ஒரு கொப்பியும் வேண்டும். இலங்கைச் சஞ்சிகைகளின் சந்தாப் பெட்டியில் ரூபாயின் பக்கத்தில் டொலரும் பவுணும் மெல்ல மெல்ல வந்து உட்கார்ந்ததைக் காணலாம். அந்தப் பெட்டியை மட்டும் வைத்தே புலம்பெயர்வின் வரலாற்றை ஒருவர் எழுதிவிடலாம். கடைவழியாக வாங்கிய வாசகர் பெயர்ந்தபோது காணாமல் போனார். சந்தாவழி வாசகர் பெயர்ந்தபோது முகவரி மாறினார்.

இன்னொரு மறுப்பு வாசிகசாலையின் பக்கமிருந்து வரும். ஊர்தோறும் இருந்த வாசிகசாலையில் ஒரு பிரதியை முப்பது பேர் வாசித்தார்கள். சந்தாதாரர் எண்ணிக்கையைக்கொண்டு வாசிப்பை அளப்பது தவறல்லவா? முழுமையாக ஏற்கிறேன். எண்ணிக்கைக்காக நான் வாதாடவில்லை. சரியாகப் பார்த்தால் வாசிகசாலைதான் ஆகச் சிறந்த சந்தாதாரர்: தனி மனிதர் பெயர்வார், இறப்பார், மேசையும் முகவரியும் அங்கேயே இருக்கும். அந்த மேசை வேறொன்றையும் நமக்குக் காட்டுகிறது. அங்கே வருபவர் தன் பெயரை இதழாசிரியருக்குக் கொடுப்பதில்லை. தானே வருகிறார், புதியது ஏதும் உண்டா என்று பார்க்கிறார், வாசிக்கிறார், போகிறார். எந்தெந்த இதழ்கள் தனக்கு வேண்டும் என்ற பட்டியல் அவர் மனதில் இருக்கிறது. ஆக, பட்டியல் மூன்று கைகளில் இருக்க முடியும்: வாசகரிடம், இதழிடம், நடுவில் நிற்பவரிடம்.

இந்த மூன்று கைகளையும் பிரித்துக்கொண்டால், இணையத்தில் கடந்த கால் நூற்றாண்டில் நடந்தது புரியும். 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனம் ஆர்எஸ்எஸ் என்ற ஒழுங்கை வெளியிட்டது. 2005இல் அதே வேலைக்கான ஆட்டம் என்ற வடிவம் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. தமிழில் இதைச் செய்தியோடை என்றார்கள். ஊட்டம் என்று சொன்னவர்களும் உண்டு. வாவியில் வந்து விழும் ஓடைகளைத் தெரிந்த நமக்கு முதற்சொல்லே பொருத்தம். வேலை எளிது. இணைய இதழ் ஒன்று, புதிதாக வெளியிட்டவற்றின் தலைப்பையும் திகதியையும் இணைப்பையும் ஒரு சிறு கோப்பில் எழுதி, மாறாத ஓரிடத்தில் வைக்கிறது. வாசகரிடமுள்ள செயலி குறித்த இடைவெளிகளில் அந்த இடத்துக்குப் போய், புதியது உண்டா என்று பார்த்து, இருந்தால் எடுத்துவருகிறது. வாசகர் பெயரும் தரவில்லை, முகவரியும் தரவில்லை. வாசிகசாலைக்குத் தானே நடந்துபோன அதே மனிதர் இவர். நடையை மட்டும் இயந்திரத்துக்கு விட்டுவிட்டார். மின்னஞ்சல் சந்தா இதற்கு நேர்மாறு. வாசகர் முகவரியைத் தருகிறார். இதழ் அதை எழுதிவைத்து ஒவ்வொரு முறையும் அனுப்புகிறது. முகவரியைக் கொடுத்தவுடன், உண்மையில் கேட்டது நீங்கள்தானா என்று ஓர் உறுதிக் கடிதம் வருமே, அதை வெறும் தொல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். அன்று காசுக்கட்டளை செய்த வேலையை இன்று அந்த ஒரு சொடுக்கு செய்கிறது. தபாற்கந்தோரில் வரிசையில் நின்று காசு கட்டியவருக்கு இதழ் வேண்டும் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. காசு இல்லாத சந்தாவில் விருப்பத்துக்கு வேறொரு சான்று தேவைப்பட்டது.

இந்த இரண்டும் கிழக்கிலங்கைக்குத் தாமதமாகவே வந்துசேர்ந்தன. அதற்கு வறுமையோ போரோ மட்டும் காரணமல்ல. நம் அச்சகங்களின் பாமினி எழுத்துருவும் காரணம். பாமினியில் அடித்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். தாளில் அச்சடிக்க அது அருமையான கருவி. ஆனால் ஓடையிலும் மின்னஞ்சலிலும் எழுத்துரு கூடப் போகாது. எழுத்து மட்டும் போகும். ஒருங்குறிக்கு மாற்றாத வரைக்கும், கணினியில் அடுக்கிய நூற்றுக்கணக்கான பக்கங்கள் கணினி வழியாகவே அனுப்ப முடியாதவையாகக் கிடந்தன. கடிதத்தை எழுதிவிட்டு, தபாற்காரருக்குப் புரியாத மொழியில் மேலுறையை எழுதியது போல.

நடுவில் நிற்பவரின் கதை இங்கேயும் திரும்புகிறது. ஓடைகளை வாசிக்கப் பெரும்பாலானோர் நம்பியிருந்த கூகுள் ரீடர் 2013 ஜூலை 1ஆம் திகதியோடு மூடப்பட்டது. ஓடையையும் மின்னஞ்சல் சந்தாவையும் இதழ்களுக்காக நடத்திக்கொடுத்த ஃபீட்பேர்னரை 2007இல் வாங்கிய கூகுள், 2021 ஜூலையில் அதன் மின்னஞ்சல் சேவையை நிறுத்தியது. நிறுத்தும் முன், சந்தாதாரர்களின் மின்னஞ்சல் முகவரிகளை எடுத்துக்கொள்ள அவகாசம் தந்தது. எடுத்துவைத்தவர் வேறொரு சேவையில் போட்டு அடுத்த வாரமே தொடரலாம். அறிவிப்பைக் கவனியாதவருக்கு எதுவும் மிச்சமில்லை. சென்னையிலிருந்து அல்மோராவுக்குப் போன இதழின் கதைதான் இது. தூரம் மட்டும் இல்லை.

முகநூலும் வட்சப்பும் இருக்க இதெல்லாம் எதற்கு என்பது இன்றைய மறுப்பு. படுவான்கரையிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. குழுவில் போட்டால் நொடியில் போய்ச் சேருகிறது. போய்ச் சேருகிறது என்பது சரி. யாருக்குக் காட்டுவது, எத்தனை பேருக்குக் காட்டுவது என்பதை முகநூலில் தீர்மானிப்பது இதழ் அல்ல, வாசகரும் அல்ல. பக்கத்தைப் பின்தொடரும் ஆயிரம் பேரின் முகவரிக் கொப்பி அந்த நிறுவனத்திடம்; அதைப் பிரதியெடுத்துக் கொண்டுபோக வழியில்லை. வட்சப் குழு கொஞ்சம் மேல்: தொலைபேசி எண்களாவது ஆசிரியரின் கையில் இருக்கின்றன. அதில்தான் ஒரு சஞ்சிகை இன்று நடக்கிறதென்றால் குறை சொல்ல மாட்டேன். அந்த எண்களை வேறொரு கொப்பியிலும் எழுதிவைத்திருக்கிறாரா என்று மட்டும் கேட்பேன். 2008இல் செங்கதிரும் 2012இல் மகுடமும் மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டபோதும், உள்ளட்டையில் அந்தப் பழைய பெட்டிக்கான தேவை மாறியிருக்கவில்லை.

வரலாறு எழுதுபவருக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. 2005 முதல் நூலகம் திட்டம் ஈழத்து இதழ்களைப் பக்கம் பக்கமாக மின்வடிவில் சேர்த்துவருகிறது. இதழைத் தேடிக் கொடுக்கும் குடும்பங்கள் உண்டு. ஆசிரியரின் மேசை இழுப்பறையில் கிடக்கும் முகவரிக் கொப்பியை இலக்கிய ஆவணம் என்று நினைத்து எடுத்துவைப்பவர் அரிது. நினைத்தாலும், அதில் தனி மனிதர்களின் வீட்டு விலாசங்கள் இருக்கின்றனவே என்று தயங்குவார். தயக்கம் நியாயமானது, அதுவும் விலாசம் தெரிந்ததாலேயே ஆட்கள் காணாமற்போன ஒரு மாவட்டத்தில். ஆனால் வரலாற்றுக்குப் பெயர்கள் தேவையில்லை. ஊரும் ஆண்டும் போதும். பெயர்ப் பத்தியை மறைத்துவிட்டு, 1965இல் களுதாவளைக்கு எத்தனை, காத்தான்குடிக்கு எத்தனை, பாதை ஏறி மண்டூருக்கு எத்தனை, 1985இல் அவற்றில் எத்தனை மிச்சம் என்று எண்ணிச் சொன்னால், வாவியின் இரு கரைகளிலும் யார் வாசித்தார்கள் என்பதைப் பற்றி நாம் இதுவரை ஊகித்த பலவற்றைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

(தொடரும்)